வால்வு ஆம்ப்பில் வால்வை மாற்றப் போகிறீர்களா? சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வால்வு ஆம்ப் ஒன்றை, அதாவது கண்ணாடி வெற்றிடக் குழாய்களை (வால்வுகளை) வைத்துப் பாட்டுச் சிக்னலைப் பெருக்கும் பெட்டியை, வாங்கி ஹாலில் வைத்தாயிற்று, நன்றாகவும் பாடுகிறது. அப்புறம் யாராவது வந்து "இதிலிருக்கிற வால்வைக் கழற்றிவிட்டுப் பழைய முல்லார்டு போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முல்லார்டு என்பது பழைய இங்கிலாந்து வால்வு பிராண்டு. செலவு அங்கேதான் தொடங்குகிறது. எந்த வால்வு எதற்குப் பதிலாகப் போகும், எங்கே வாங்குவது, வரி எவ்வளவு, பயாஸ் என்றால் என்ன என்று ஆளுக்கொன்று சொல்ல, நான் இதையெல்லாம் துண்டு துண்டாகச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாக்கெட்டில் நுழைகிறது என்பதற்காக ஒரு வால்வு அந்த ஆம்ப்புக்கு ஏற்றது ஆகிவிடாது.

1. வாங்கும் முன் ஆம்ப்பின் தாள்களைத் தேடி எடுங்கள்

கையேடு வேண்டும், கிடைத்தால் சர்க்யூட் படமும் வேண்டும். கேரோசல் இணையச் சந்தையில் பழையதாக வாங்கியிருந்தால், விற்றவரிடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள், ஒரு மாதம் போனால் பதில் வராது. அவரிடம் கேட்க வேண்டியவை: வால்வுகள் எப்போது மாற்றப்பட்டன, பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் வால்வில் ஓட வேண்டிய மின்னோட்டத்தை அமைப்பது) தானாக அமைவதா அல்லது திருகாணி வைத்துச் சரிசெய்வதா, உள்ளே யாராவது கைவைத்திருக்கிறார்களா. பதில்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஆம்ப் என்றால் உத்தரவாதத் தாளைப் படியுங்கள். வால்வு மாற்றினால் உத்தரவாதம் தொடருமா, வால்வுக்குத் தனியாக எத்தனை மாதம் என்பதெல்லாம் கடைக்குக் கடை மாறும்.

பின்பக்கம் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானிலிருந்து வந்த பழைய ஆம்ப்புகள் 100 வோல்ட்டுக்குச் செய்தவை, அமெரிக்கச் சாமான் 120 வோல்ட். இவற்றுக்கு மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. ஆம்ப்பின் வாட் அளவைப் போல ஒன்றரை மடங்காவது தாங்குவதாக வாங்குங்கள், எர்த் கம்பி அதன் வழியே ஆம்ப் வரை போகிறதா என்று கேட்டுப் பாருங்கள். 100 வோல்ட் ஆம்ப்பை 110 வோல்ட் கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மரில் செருகினால் ஹீட்டர் (வால்வைச் சூடாக்கும் உள் இழை) உட்பட எல்லா மின்னழுத்தமும் 10% கூடிவிடும். வால்வு சீக்கிரம் செத்துப்போகிறதே என்று புலம்புபவர்களிடம் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கடைசியாக, இப்போது இருக்கிற ஒவ்வொரு வால்வையும் அதன் இடத்தோடு படம் எடுங்கள்.

2. எது எந்த வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

முன்னால் இருக்கும் சின்ன வால்வுகள் சிக்னலைப் பெருக்குகின்றன. பெரிய வால்வுகள், அதாவது பவர் வால்வுகள், ஸ்பீக்கரை ஓட்டுகின்றன. சில ஆம்ப்புகளில் மின்சாரத்தை நேர்படுத்தும் ரெக்டிஃபையர் வால்வு ஒன்று தனியாக இருக்கும். புதியவர்கள் சின்ன வால்விலிருந்து தொடங்குவதுதான் நல்லது: விலை குறைவு, பெரும்பாலான ஆம்ப்புகளில் பயாஸ் சரிசெய்ய வேண்டியதில்லை, ஒலியில் வித்தியாசமும் காதுக்குத் தெரியும். பவர் வால்வை இரண்டாவது கட்டத்துக்கு வையுங்கள். ரெக்டிஃபையரை, பழுதாகாத வரை, சும்மா விடுங்கள் என்பதே என் கருத்து.

3. எதற்குப் பதில் எது: பணமும் ஆம்ப்பும் போவது இங்கேதான்

ஒரே வால்வுக்கு இரண்டு பெயர் இருக்கும். 12ஏஎக்ஸ்7 என்பதும் ஈசிசி83 என்பதும் ஒன்று. 12ஏயு7 என்றால் ஈசிசி82, 12ஏடி7 என்றால் ஈசிசி81. 6டிஜே8 என்பதை ஐரோப்பாவில் ஈசிசி88 என்பார்கள். பெயர் மாறினாலும் பயப்பட வேண்டாம்.

12ஏஎக்ஸ்7, 12ஏயு7, 12ஏடி7 மூன்றுக்கும் ஊசி அமைப்பும் ஹீட்டரும் ஒன்றேதான், எதை எதில் செருகினாலும் எரியும், சத்தமும் வரும். ஆனால் பெருக்கும் திறன் 12ஏஎக்ஸ்7-க்கு 100, 12ஏடி7-க்கு 60, 12ஏயு7-க்கு 20-க்கும் கீழே. எடுத்துக்கொள்ளும் மின்னோட்டமும் வேறு. 12ஏயு7-க்காக அமைத்த இடத்தில் 12ஏஎக்ஸ்7 போட்டால் "அடடா, என்ன உயிர்ப்பு" என்று தோன்றும், உண்மையில் சத்தம் கூடியிருக்கும், கூடவே ஒலி சிதையவும் தொடங்கியிருக்கும். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்றால் 12ஏஎக்ஸ்7 இடத்தில் 5751 போடலாம், அதன் திறன் 70. இது பலர் செய்கிற, பெரும்பாலும் தொல்லையில்லாத மாற்றம்.

6டிஜே8 அப்படியல்ல. அதற்கும் ஒன்பது ஊசிதான், அதே சாக்கெட்டில் அழகாக உட்காரும், ஆனால் ஹீட்டர் இணைப்பே வேறு. 12ஏஎக்ஸ்7-இன் ஒன்பதாவது ஊசி ஹீட்டரின் நடுப்புள்ளி, 6டிஜே8-இல் அது உள்ளிருக்கும் மறைப்புத் தகட்டுக்குப் போகிறது. 12.6 வோல்ட் இணைப்புள்ள சாக்கெட்டில் 6டிஜே8-ஐச் செருகினால், 6.3 வோல்ட் ஹீட்டருக்கு இரண்டு மடங்கு போய்ச் சேரும், வால்வு காலி. 6.3 வோல்ட் இணைப்பாக இருந்தால் எரியவே எரியாது.

6டிஜே8-க்கும் 6922-க்கும்கூட ஒரு வித்தியாசம் உண்டு. 6டிஜே8-இன் பிளேட் (வால்வுக்குள் உயர் மின்னழுத்தம் ஏறும் தகடு) 130 வோல்ட் வரைதான் தாங்கும், 6922 என்கிற ஈ88சிசி 220 வோல்ட் வரை. 6டிஜே8 இருந்த இடத்தில் 6922 போடலாம், திருப்பிப் போடும் முன் பிளேட்டில் எத்தனை வோல்ட் என்று சர்க்யூட் படத்தில் பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் ரஷ்ய 6என்1பி-யையும் இதற்கு மாற்று என்று விற்கிறார்கள். அதன் ஹீட்டர் 600 மில்லி ஆம்பியர் எடுக்கும், 6டிஜே8 எடுப்பது 365. டிரான்ஸ்ஃபார்மர் அந்தச் சுமையைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால் ஒழிய வேண்டாம்.

பெரிய வால்வுகளிலும் இதே கதைதான். இஎல்34, 6எல்6, கேடி88 மூன்றும் எட்டு ஊசி, ஒரே சாக்கெட். ஹீட்டர் மின்னோட்டம் 6எல்6-க்கு 0.9 ஆம்பியர், இஎல்34-க்கு 1.5, கேடி88-க்கு 1.6. இஎல்34-இல் முதல் ஊசியை எட்டாவது ஊசியோடு இணைத்திருக்க வேண்டும், 6எல்6-க்காக மட்டும் செய்த ஆம்ப்பில் அந்த இணைப்பு இல்லாமலும் இருக்கலாம். "இந்த ஆம்ப் இன்னின்ன வால்வை ஏற்கும்" என்று கையேட்டில் பெயர் சொல்லி எழுதியிருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

ரெக்டிஃபையரைத் தொடத்தான் போகிறேன் என்று அடம் பிடிப்பவர்களுக்கு: ஜிஇசட்34-இன் ஹீட்டர் 1.9 ஆம்பியர் எடுக்கும், 5யு4 எடுப்பது 3 ஆம்பியர். அந்தக் கூடுதல் சுமையில் டிரான்ஸ்ஃபார்மரே கருகலாம். ரெக்டிஃபையர் வால்வுக்குப் பதிலாகச் சாக்கெட்டில் செருகும், ஹீட்டர் இல்லாத டயோடு ரகமும் உண்டு. அதைப் போட்டால் உயர் மின்னழுத்தம் கூடிவிடும், வால்வுகள் சூடாகும் முன்பே முழுதாக வந்து நிற்கவும் செய்யும்.

4. எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்

ஆம்ப்பும் வால்வும் காதால் கேட்டு வாங்க அடெல்ஃபி கட்டடம், சிட்டி ஹால் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். மல்டிமீட்டர், ஃபியூஸ், காண்டாக்ட் கிளீனர் போன்றவற்றுக்குச் சிம் லிம் டவர், ரோச்சோர் நிலையத்தில் இறங்கினால் போதும். எதிரிலிருக்கும் சிம் லிம் ஸ்கொயருக்குள் போய்விடாதீர்கள், அது கணினிக்காரர்களின் இடம். பழைய வால்வுக்குக் கேரோசலும் வெளிநாட்டு இணையக் கடைகளும்தான்.

விலை நிலையாக இருப்பதில்லை. குத்துமதிப்பாக, புதிதாகத் தயாராகும் 12ஏஎக்ஸ்7 ஒன்று 25 முதல் 50 வெள்ளிக்குள், இஎல்34 ஜோடி 80 முதல் 150 வெள்ளிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய டெலிஃபுங்கன், முல்லார்டு எல்லாம் ஒன்றே சில நூறு வெள்ளிக்குப் போகும். மல்டிமீட்டருக்கு 30 முதல் 60 வெள்ளி ஒதுக்குங்கள், குறைந்தது 600 வோல்ட் அளக்கக்கூடியதாகப் பாருங்கள். அதை முதலில் வாங்குங்கள், வால்வு அப்புறம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஜிஎஸ்டி 9%. இதில் இரண்டு வழி உண்டு. 400 வெள்ளி வரையுள்ள பொருள் என்றால், பதிவு செய்துள்ள இணையக் கடை பணம் வாங்கும்போதே வரியையும் வாங்கிவிடும். விமானத்திலோ அஞ்சலிலோ வரும் பார்சலின் மொத்த மதிப்பு, பொருள் விலையோடு அனுப்பும் செலவும் காப்புறுதியும் சேர்த்து, 400 வெள்ளியைத் தாண்டினால் இங்கே இறக்குமதியின்போது வரி கட்ட வேண்டும். 450 வெள்ளிக்கு வால்வு, 40 வெள்ளி அனுப்பும் செலவு என்றால் 490-க்கு 9%, அதாவது 44 வெள்ளி 10 காசு. அதற்குமேல் கூரியர்காரர் தன் கட்டணம் ஒன்றைப் போடுவார், எவ்வளவு என்று முன்பே விசாரியுங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒவ்வொன்றும் 400 வெள்ளிக்குக் கீழே இருக்கும் சில வால்வுகளைச் சேர்த்து ஒரே பெட்டியில் வாங்கும்போது, கடையும் வரி வாங்கி, வந்து இறங்கும்போது இன்னொரு முறையும் கேட்கக்கூடும். வரி கட்டியதைக் காட்டும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இரண்டு முறை கட்டிவிட்டால் விற்றவரிடம்தான் திருப்பிக் கேட்க வேண்டும். "விலையைக் குறைத்து எழுதட்டுமா, பரிசு என்று போடட்டுமா" என்று சில விற்பனையாளர்கள் தாராளமாகக் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பொய்யான மதிப்பு காட்டுவது குற்றம், பார்சல் உடைந்து வந்தாலும் எழுதிய குறைந்த தொகைக்குமேல் ஒரு காசு வராது.

5. "மேட்ச்டு" என்றால் எண்ணைக் கேளுங்கள்

பவர் வால்வுகளை ஜோடியாகவோ நான்காகவோ, ஒரே அளவு மின்னோட்டம் எடுப்பவையாகப் பார்த்து வாங்க வேண்டும், இதைத்தான் "மேட்ச்டு" என்கிறார்கள். வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவர் எனக்கு அனுப்பிய ஜோடியின் பெட்டியில் அந்தச் சொல் மட்டும் முத்திரையாக இருந்தது, எண் எதுவும் இல்லை. ஆம்ப்பில் போட்டு அளந்தால் ஒன்று 38 மில்லி ஆம்பியர், மற்றது 52. திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். ஆகவே பணம் அனுப்பும் முன், எத்தனை வோல்ட்டில் சோதித்தார்கள், எத்தனை மில்லி ஆம்பியர் வந்தது என்று ஒவ்வொரு வால்வுக்கும் எழுதித் தரச் சொல்லுங்கள். 12ஏஎக்ஸ்7 போன்றவற்றுக்குள் இரண்டு டிரையோடுகள் (தனித்தனியாகப் பெருக்கும் இரண்டு பாதிகள்) இருப்பதால் இரண்டு எண்கள் வர வேண்டும். "நன்றாக வேலை செய்கிறது" என்பதெல்லாம் கணக்கில் சேராது.

பெயரைப் பார்த்தும் மயங்காதீர்கள். இன்று பெட்டியில் முல்லார்டு, டங்-சால், கோல்டு லயன் என்று போட்டு வரும் புது வால்வுகள் ரஷ்யாவின் சராத்தோவ் ஆலையில் தயாராகின்றன. மோசமானவை அல்ல, நான் அவற்றைத்தான் அன்றாடம் ஓட்டுகிறேன். ஆனால் பழைய இங்கிலாந்துச் சரக்கின் விலையை அவற்றுக்குக் கொடுக்கக் கூடாது. பழைய டெலிஃபுங்கன் ஈசிசி83-இன் அடிக்கண்ணாடியில், ஊசிகளுக்கு நடுவே ஒரு வைர வடிவம் வார்க்கப்பட்டிருக்கும். கண்ணாடிப் பக்கவாட்டில் அச்சடித்த பெயரை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதனால் அடிப்பக்கப் படம் கேளுங்கள்.

பார்சல் வந்ததும் பிரிப்பதைக் காணொளியாக எடுங்கள். உச்சியில் வெள்ளி நிறப் பூச்சு இருக்கிறதா பாருங்கள், அது பால் போல வெளுத்திருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வை ஆம்ப்பில் செருகவே வேண்டாம். திருப்பிக் கொடுக்கும் கெடு எப்போது முடிகிறது என்று பார்த்து, அதற்குள் எல்லாவற்றையும் ஆம்ப்பில் போட்டுச் சோதித்துவிடுங்கள். அலமாரியில் வைத்து அழகு பார்த்தால் கெடு ஓடிவிடும்.

6. மாற்றுவது

அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். ஓடும்போது பவர் வால்வின் கண்ணாடி 200 டிகிரி செல்சியஸைத் தொடும். ஆம்ப்பின் அடித்தட்டைத் திறக்கவே வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளேயிருக்கும் கப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், அது ஆளைக் கொல்லும் அளவு. வால்வு மாற்றும் வேலை முழுவதும் மேற்பக்கத்திலேயே முடிகிற வேலைதான்.

பெரிய வால்வை அடியிலுள்ள கறுப்புப் பகுதியைப் பிடித்து நேராக மேலே இழுங்கள். சின்ன வால்வுக்கு அடிப்பகுதி கிடையாது, கண்ணாடியையே பிடிக்க வேண்டும், லேசாக அசைத்து அசைத்து எடுங்கள், முறுக்காதீர்கள். ஊசி வளைந்திருந்தால் மெதுவாக நிமிர்த்துங்கள், அவசரப்பட்டால் ஊசி கண்ணாடியைச் சந்திக்கும் இடத்தில் விரிசல் விடும். செருகும்போது எட்டு ஊசி வால்வின் நடு மூக்கிலுள்ள புடைப்பும், ஒன்பது ஊசி வால்வில் முதல் ஊசிக்கும் கடைசி ஊசிக்கும் இடையிலுள்ள இடைவெளியும் சாக்கெட்டோடு பொருந்துகின்றனவா பாருங்கள். பச்சை படிந்த ஊசிகளைக் காண்டாக்ட் கிளீனர் தொட்ட துணியால் துடையுங்கள்.

ஸ்பீக்கர் கம்பிகள் இணைந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போகலாம், மொத்த ஆம்ப்பில் விலை கூடிய பாகமே அதுதான். ஒலியளவு பூஜ்யத்தில் இருக்கட்டும். முதல் ஐந்து நிமிடம் எங்கும் போகாமல் பார்த்துக்கொண்டே இருங்கள். கண்ணாடியின் உட்பக்கம் ஒட்டி நீல ஒளி தெரிந்தால் கவலை வேண்டாம். உள்ளே தகடுகளுக்கு நடுவில் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மின்னினால் வாயு கசிவு. சாம்பல் நிற பிளேட் சிவக்கத் தொடங்கினால் யோசிக்காமல் அணையுங்கள்.

7. பயாஸ்

பயாஸ் தானாக அமையும் ஆம்ப் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

திருகாணி உள்ள ஆம்ப் என்றால், பவர் வால்வை மாற்றும் ஒவ்வொரு முறையும் சரிசெய்ய வேண்டும். புது வால்வைப் போடும் முன் பயாஸை மிகக் குறைந்த மின்னோட்டத்துக்குத் திருப்பி வையுங்கள், எந்தப் பக்கம் என்று கையேட்டில் இருக்கும். இருபது நிமிடம் சூடானதும் அளவிடும் புள்ளிகளில் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வையுங்கள். உள்ளே 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் 40 மில்லிவோல்ட் என்பது 40 மில்லி ஆம்பியர், 10 ஓம் என்றால் அதே மின்னோட்டத்துக்கு 400 மில்லிவோல்ட் காட்டும்.

கையேடு ஓர் எண்ணைச் சொன்னால் அதையே வையுங்கள், "கொஞ்சம் ஏற்றி வைத்தால் இனிமையாக இருக்கும்" என்று கேள்விப்பட்டதை நம்பி ஏற்றாதீர்கள். கையேடே இல்லையென்றால் கணக்கு இப்படி: இஎல்34-இன் பிளேட் தாங்குவது 25 வாட். புஷ்-புல் ஆம்ப்பில் (பவர் வால்வுகள் ஜோடியாக மாறி மாறி வேலை செய்வது) அதன் 70% வரை, அதாவது 17.5 வாட் வரை போகலாம். பிளேட்டில் 400 வோல்ட் என்றால் 40 மில்லி ஆம்பியரில் 16 வாட் ஆகிறது, சரி. பிளேட் மின்னழுத்தம் உங்களுக்குத் தெரியவில்லை, அளக்க உள்ளே கைவைக்க வேண்டும் என்றால் பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போங்கள். கொண்டுபோகும் முன் பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு, எத்தனை நாள் வைத்திருப்பார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு மணி நேரம் ஓடியதும் பயாஸை இன்னொரு முறை பாருங்கள், வாரம் கழித்து மறுபடியும்.

8. கேட்டுப் பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மூன்று வால்வையும் ஒரே நாளில் மாற்றினால் எது என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒலியளவைச் சமமாக்குங்கள், கைபேசியிலுள்ள டெசிபல் செயலி போதும். சத்தம் கொஞ்சம் கூடினாலே காது அதை "நல்லது" என்று எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு மனப்பாடமான பதிவுகளையே வையுங்கள். நான் மிருதங்கத்தில் வலந்தலையின் கூர்மையையும் தொப்பியின் கும்கியையும் கவனிப்பேன், நாகஸ்வரம் மேலே ஏறும்போது காதைக் குத்துகிறதா என்று பார்ப்பேன். இரைச்சலைச் சோதிக்க மட்டும் கச்சேரிப் பதிவை வைக்காதீர்கள். தம்புரா ஓடிக்கொண்டிருந்தால் ஆம்ப்பின் 50, 100 ஹெர்ட்ஸ் ஹம் அதன் அடியில் பதுங்கிவிடும், பாட்டு நின்ற பிறகு ஸ்பீக்கரில் காதை வைத்தால்தான் தெரியும்.

இடது பக்கம் மட்டும் கரகரத்தால், அணைத்து, ஆறவிட்டு, இடது வலது வால்வுகளை இடம் மாற்றுங்கள். கரகரப்பும் கூடவே வலப்பக்கம் போனால் குற்றவாளி வால்வு, போகாவிட்டால் ஆம்ப்பிலோ கம்பியிலோ கோளாறு. ஓடும் சின்ன வால்வைப் பென்சிலின் ரப்பர் முனையால் லேசாகத் தட்டினால் ஸ்பீக்கரில் மணியடித்த மாதிரி கேட்கிறதா? அது ஃபோனோ பகுதிக்கு (இசைத்தட்டு ஓட்டியின் சிக்னலைப் பெருக்கும் இடம்) ஆகாது. சிக்னல் பாதையில் அதற்குப் பின்னால் வரும் கட்டத்தில் போட்டுப் பாருங்கள், பல நேரம் அங்கே பிரச்சினையே இருக்காது.

புது வால்வுக்கு இருபது, முப்பது மணி நேரம் கொடுத்துவிட்டு முடிவு செய்யுங்கள். அப்புறம் கட்டாயமாகப் பழையதைத் திரும்பப் போட்டுக் கேளுங்கள். பல சமயம் பழையதே நன்றாக இருக்கும், அந்த நேரம் புதியதை விற்றுவிடலாம்.

9. நம் ஊர் வெப்பமும் ஈரமும்

மூடிய டிவி அலமாரிக்குள் வால்வு ஆம்ப்பை வைக்காதீர்கள். மேலேயும் பக்கங்களிலும் ஒரு கையகல இடமாவது வேண்டும். வீவக வீட்டு ஹாலில் ஆம்ப் ஓடுகிற மாலையில் அறை சூடேறுவது உங்களுக்கே தெரியும். வீட்டில் குழந்தைகளோ பூனையோ இருந்தால் கம்பிக்கூண்டைக் கழற்றாதீர்கள்.

மிச்ச வால்வுகளைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கேமரா வைக்கும் உலர் அலமாரி இருந்தால் இன்னும் நல்லது. இல்லையென்றால் ஊசிகள் பச்சை பூக்கும். பவர் வால்வுக்குப் பொதுவாகச் சொல்லும் ஆயுள் இரண்டாயிரம் மணி நேரம் போல, சின்னவை ஐயாயிரத்துக்கும் மேலே போகும். தினம் மூன்று மணி நேரம் கேட்டால் வருடத்துக்கு ஏறத்தாழ 1,100 மணி நேரம் ஆகிறது, ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பவர் வால்வுக்குப் பணம் எடுத்துவைக்க வேண்டிவரும்.

ஒவ்வொரு பெட்டியின் மேலும் வாங்கிய தேதி, விலை, சோதனை எண், ஆம்ப்பில் போட்ட தேதி எழுதி, ரசீதை உள்ளேயே மடித்து வையுங்கள், விற்கும்போது கேரோசலில் முதலில் கேட்பது அதைத்தான். ஆம்ப்போடு வந்த முதல் செட்டை மட்டும் யார் கேட்டாலும் விற்காதீர்கள். பின்னால் ஏதாவது கோளாறு வந்தால், வால்வா ஆம்ப்பா என்று கண்டுபிடிக்க அதுதான் கையில் இருக்கும்.